கள்ளச் சாமந்தி

கடல் செத்துப்போன பிறகுதான் அரசாங்கத்துக்குக் கடல்மேல் பாசம் வந்தது.

மன்னார் வளைகுடாவில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தண்ணீர் முப்பத்துநாலு டிகிரிக்குக் கீழே இறங்காமல் கிடந்த ஒரு வருஷம், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இருந்த பவளத் திட்டுகள் எல்லாம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்தன. அடுத்த வருஷம் அவற்றின்மேல் அழுக்குப் பாசி படிந்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு இரண்டு வருஷம் உட்கார்ந்து யோசித்து, பவளத்தைக் கடலில் காப்பாற்ற முடியாது, ஆகவே வீடுகளில் காப்பாற்றலாம் என்று கண்டுபிடித்தது.

அப்படிப் பிறந்ததுதான் ‘இல்லந்தோறும் பவளம்’ திட்டம். விண்ணப்பிக்கும் வீட்டுக்கு அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று, உப்புத் தண்ணீர், விளக்கு, பம்ப், தண்ணீரைக் குளிரவைக்கும் கூலர், உயிருள்ள பவளம் ஒட்டிய கைமுட்டி அளவு பாறை ஒன்று, நூற்றுப்பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று. முதல் வருஷம் யாரும் சீந்தவில்லை. இரண்டாம் வருஷம் அரசாணையில் ஒரே ஒரு வரி சேர்த்தார்கள்: மூன்று வருஷம் பவளத்தை உயிரோடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் முன்னுரிமை. மறுநாள் காலை மீன்வளத் துறை அலுவலகத்து வரிசை பேருந்து நிலையம் வரை நீண்டது. அதுவரை கடல் என்றால் நெத்திலி வரும் இடம் என்று மட்டுமே அறிந்திருந்தவர்கள், ஒரே வாரத்தில் தண்ணீரின் காரத்தன்மையைப் பற்றி லிஃப்டில் விவாதித்துக்கொண்டார்கள்.

பேர்ல் வியூ அடுக்ககத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். பெயரில் இருந்த முத்தும் காட்சியும் எந்த ஜன்னலிலும் இல்லை. மொட்டைமாடியில் எக்கி நின்றால் உப்பளம் தெரியும். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பது வீடுகளுக்குப் பவளம் வந்து சேர்ந்தது. மற்ற ஒன்பது வீடுகளிலும் படிக்கிற வயதில் பிள்ளைகள் இல்லை. அதனால் அவர்களுக்குக் கடல்மீது அக்கறையும் இல்லை.

இரண்டாம் மாடியில் இருந்த பியூலா, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ரசத்துக்கு உப்புப் போடும்போதுகூட அளந்து போடுகிறவள். கணவர் செல்வின் உப்பளத்தில் மேற்பார்வையாளர். ஒரே மகள் ஷெரின் பிளஸ் டூ படித்தாள். அவள் டாக்டராகவேண்டும் என்பது அவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே முடிவானது. தினமும் காலை ஆறு மணிக்குப் பியூலா தொட்டியின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து நோட்டில் எழுதுவாள். மாதம் ஒருமுறை துறைக்குப் படிவம் அனுப்புவாள். படிவத்தின் ஏழாவது கேள்வி: ‘வேண்டாத உயிரினங்கள் ஏதும் காணப்பட்டனவா?’ முப்பத்துநாலு மாதம் அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். முப்பத்துநாலும் உண்மை.

எதிர்வீட்டில் ராபியா. காயல்பட்டினத்துக்காரி. ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டுச் சாவி அந்த வீட்டிலும், அந்த வீட்டுச் சாவி இந்த வீட்டிலும் இருந்தது. அவளுடைய மகன் நஜீபும் ஷெரினும் ஒரே டியூஷன். இரு வீட்டுத் தொட்டியும் ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்து இறங்கியவை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலா பாறையின் அடியில் ஒன்றைக் கண்டாள். விரல் நகம் அளவு. தவிட்டு நிறம், பாதி கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தது. மெல்லிய தண்டு, அதன் தலையில் நூல் போல நீள நீளமான கொடுக்குகள், தண்ணீரின் அசைவுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. பவளம் குட்டி போட்டிருக்கிறது என்று நினைத்து ஷெரினைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கையேட்டைப் புரட்டினாள்.

எண்பத்தேழாம் பக்கத்தில் அது இருந்தது. கறுப்பு மையில் அப்பி அச்சிட்டிருந்த படம், கடல் சாமந்தியாகவும் இருக்கலாம், தலைவிரிகோலமாக நிற்கும் ஆளாகவும் இருக்கலாம். ஆனால் கீழே இருந்த வாசகம் தெளிவு. பூப்போல விரிந்து கொட்டும் கடல் பிராணியான கடல் சாமந்தி இனத்தில் இது ஒரு களை. பெருகினால் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்றுவிடும். ஊரில் இதற்குக் கள்ளச் சாமந்தி என்று பெயர். கண்டால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும். தொட்டி பறிமுதல் செய்யப்படும், அந்த வீடு சேர்த்த மாதங்கள் அத்தனையும் ரத்தாகும். அதை எப்படி ஒழிப்பது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. தகவல் சொல்வதே ஒழிப்பது என்று துறை நம்பியது. சொன்னால் இப்படிச் செய்வோம் என்று எழுதிவைத்துவிட்டு, எல்லோரும் சொல்வார்கள் என்றும் நம்பியது.

இன்னும் இரண்டே மாதம். பியூலா கையேட்டை மூடினாள். புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்து வந்து, அந்தத் தவிட்டு நிறத்தை நன்றாக நசுக்கிப் பிய்த்து எறிந்தாள். பன்னிரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது இருந்தன.

பழைய துறைமுகம் போகும் வழியில் மிக்கேல் என்பவர் அலங்கார மீன் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் கடலில் முங்கி மீன் பிடித்தவர். முங்குவதற்குக் கடலில் ஒன்றும் மிஞ்சாததால் கடை போட்டுவிட்டார். பியூலா அவரிடம் போய், சொந்தக்காரர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் இப்படி ஒரு தொந்தரவு என்று ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டினார்.

“இந்த மாசம் ஒங்களோட ஒம்பது பேரு வந்தாச்சுக்கா. ஒம்பது பேருக்கும் சொந்தக்காரங்க வீட்டுலதான் வந்திருக்கு. ஒருத்தர் வீட்டுலயும் வரல.”

பியூலாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் நின்றாள். மிக்கேல் விசாரித்தார். கொடுக்கு நீளமா குட்டையா, தொட்டால் என்ன செய்கிறது? நீளம், தொட்டவுடன் சட்டென்று பொந்துக்குள் சுருங்கிக்கொள்கிறது என்றாள். குட்டையாக, நுனி உருண்டையாக, பச்சை அடித்தால் அது வேறு வகை, கொஞ்சம் சோம்பேறி, பாறையோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்றார் அவர். இது அப்படி இல்லை.

“நசுக்குனீங்களா?”

“நசுக்கினேன். பிச்சும் போட்டேன்.”

“அதுல ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாப் போதும், முழுசா எந்திரிச்சிரும். நீங்க அதக் கொல்லலக்கா. நட்டு வச்சிருக்கீங்க.”

பிறகு வழி சொன்னார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைக்கவேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சால், அது சுருங்குவதற்கு முன் அதன் வாய்க்குமேல் வைக்கவேண்டும். மெதுவாக, தின்பண்டம் கொடுப்பது போல. கால்மணி நேரம் கழித்துக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்துவிடவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நாலுக்குமேல் கூடாது. ஆசைப்பட்டு மொத்தமும் ஒரே நாளில் செய்தால் தண்ணீர் கெட்டுப் பவளம்தான் முதலில் போகும். தொட்டியில் மீன் விட்டிருந்தால் அதற்குத் தீனியைக் குறைக்கவேண்டும். மிஞ்சுகிற தீனியெல்லாம் கள்ளச் சாமந்திக்குத்தான். அதைத் தின்னும் ஒரு வகை இறாலும் அவரிடம் இருந்தது. வேறு ஏதாவது சுலபமாகக் கிடைத்தால் அது வேலையைப் பார்க்காது என்றும் சொன்னார். பியூலா இறால் வேண்டாம் என்றாள். வேலையைப் பார்க்காதவர்கள் அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே போதிய அளவு இருந்தார்கள்.

அந்த மாதம் பேர்ல் வியூவுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. வெற்றிலை அப்படியே வாடிக் கிடந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே வாரம் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் கோமதிநாயகம், மாவட்டத்திலேயே கள்ளச் சாமந்தி தலைகாட்டாத ஒரே அடுக்ககம் நம்முடையது என்று அறிவித்தார். முப்பத்தொன்பது குடும்பங்களும் கை தட்டின. அவருடைய வலது கை விரல் நுனிகள் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் தங்கள் விரல்களை மடக்கிக்கொண்டார்கள்.

பியூலா மூன்று வாரம் போராடினாள். பத்தொன்பது பன்னிரண்டானது, ஏழானது, மூன்றானது. முப்பத்தைந்தாவது படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது. மூன்றுதானே.

மாசி மாதம், அந்த மூன்றும் பாறையில் இருந்தபோது, ராபியா வந்து ஒரு உதவி கேட்டாள். அவளுடைய தொட்டியில் தண்ணீர் கெட்டு, மணல்மேல் செந்நிறமாக வழவழவென்று படிகிறதாம். பச்சைக் கடற்பாசி கொஞ்சம் வளர்த்தால் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும் என்று கையேட்டில் இருக்கிறதாம். பியூலாவின் தொட்டியில்தான் பாசி கொத்துக் கொத்தாக இருக்கிறதே, ஒரு கை தரமுடியுமா?

மறுக்கவேண்டுமானால் காரணம் சொல்லவேண்டும். காரணம் ஒன்றுதான் இருந்தது. பியூலா ஒரு கொத்தை எடுத்து, உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, பள்ளிக்கூடத்து லென்ஸை வைத்து இழை இழையாகப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொடுத்தாள். ராபியா அதை ஒரு பாத்திரத்தில் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் தொட்டியில் மீந்திருந்த பாசியை விலக்கிப் பார்த்தபோது, அதன் நடுவில் இரண்டு இருந்தன. கடுகு அளவு. கொடுக்குகளை விரித்து ஆடிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டுக் கதவு ஒன்பது காலடி தூரம். பியூலா தன் வாசலில் வந்து நின்றாள். போய்ச் சொன்னால் ராபியா என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். ராபியா விதி என்றால் விதி என்று நிற்கிறவள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தன் தம்பிக்கே தூக்க மாத்திரை கொடுக்க மறுத்தவள். நாளைக்குச் சொல்லலாம் என்று பியூலா உள்ளே வந்துவிட்டாள். நாளை திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். அந்த வருஷம் எல்லா நாளும் திங்கட்கிழமையாகவே இருந்தது.

பங்குனி கடைசியில் ராபியா தன் தொட்டியில் கள்ளச் சாமந்தியைப் பார்த்தாள். நாலு மணி நேரத்துக்குள் துறைக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னாள். மாவட்டத்தில் அந்தத் திட்டம் தொடங்கிய நாள் முதல் தானாக வந்த தகவல்கள் நாற்பதோ என்னவோதான். அதில் பேர்ல் வியூவில் இருந்து வந்தது அது ஒன்றுதான்.

இன்பராஜ் என்ற ஆய்வாளர் இரண்டு ஆட்களோடும் ஒரு நீல வாளியோடும் வந்தார். செய்தி அவருக்கு முன்பே படியேறியிருந்தது. மாடியெல்லாம் கூட்டம். அடுக்ககத்தின் பெயரே கெட்டுவிட்டது என்று கோமதிநாயகம் வருத்தப்பட்டார். வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தொட்டியைப் பராமரிக்க நேரம் ஏது என்று ஒரு அம்மாள் கேட்டாள். அவள் வீட்டுத் தொட்டியில் முப்பது இருந்ததாகப் பிற்பாடு அவளே பெருமையாகச் சொன்னாள்.

இன்பராஜ் படிவத்தை விரித்து, எங்கிருந்து வந்தது என்று ராபியாவிடம் கேட்டார். வேறு வீட்டுத் தொட்டியில் இருந்து பாறையோ பாசியோ வாங்கினீர்களா என்று குறிப்பாகவே கேட்டார். பியூலா தன் வாசலில் நின்றிருந்தாள்.

“தெரியல சார். கடல் தண்ணி வாங்கி ஊத்துனோம். அதுல வந்திருக்கும்.”

ராபியா இதைச் சொல்லும்போது எதிர்வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. ஆய்வாளர் எழுதிக்கொண்டார், அவள் கையெழுத்துப் போட்டாள். பாறை நீல வாளிக்குள் போனது, காலித் தொட்டியை ஆட்கள் தூக்கிக்கொண்டார்கள். முப்பத்தைந்து மாதமும் ரத்து என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். நஜீப் வாளிக்கு லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஷெரின் உள்ளே போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டது ஒன்றுதான். “பாசி நீங்கதானம்மா குடுத்தீங்க?” சாப்பிடு என்றாள் பியூலா.

சித்திரை பிறந்ததும் பியூலாவுக்கு ‘களங்கமற்ற இல்லம்’ என்ற சான்றிதழ் கிடைத்தது. நேரில் பார்வையிட வந்த அலுவலர், பாறை பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டினார். சுண்ணாம்பு போட்டுக் கழுவினால் எதுவும் பளிச்சென்றுதான் இருக்கும். கல்லூரிச் சேர்க்கை ஆனியில். அதுவரை பவளம் உயிரோடு இருந்தால் போதும்.

அக்னி நட்சத்திரத்தின் எட்டாம் நாள் அந்தப் பகுதியின் மின்மாற்றி எரிந்தது. மாற்று வருவதற்கு ஆறு நாள் ஆனது. கூலர் நின்றது, பம்ப் நின்றது. முப்பத்தெட்டு வீடுகளிலும் மனிதர்கள் ஈரத்துணியைத் தொட்டிக்குச் சுற்றி, விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த மாமனாருக்கு வீசாத கைகள் பவளத்துக்கு வீசின. ஐஸ்கட்டி கிடைக்கவில்லை. மீன் ஏற்றும் லாரிகளை வழிமறித்துக் கெஞ்சினார்கள். தண்ணீர் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு, முப்பத்தைந்து என்று ஏறியது. மூன்றாம் நாள் பியூலாவின் பவளம் நுனியில் வெளுத்தது. நாலாம் நாள் முழுக்க வெள்ளை. அடுக்ககத்தில் முதலில் செத்தது அதுதான். ஆறாம் நாள் மின்சாரம் வந்தபோது, முப்பத்தெட்டு வீடுகளில் முப்பத்தெட்டு சுண்ணாம்புக் கற்கள் விளக்கொளியில் ஜொலித்தன.

ஷெரின் அழவில்லை. நான் விலங்கியல் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பியூலா தன் ஆயுளில் முதல்தடவையாக உப்பு அளக்காமல் சமைத்தாள்.

பத்து நாள் கழித்து இன்பராஜ் மறுபடியும் வந்தார். இம்முறை வாளி இல்லை. ஒரு புதுத் தொட்டியும், இரண்டு விஞ்ஞானிகளும், ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள். நேரே ராபியா வீட்டுக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்ததால் பியூலாவும் போய் நின்றாள். ராபியாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

நடந்தது இதுதான். பறிமுதல் செய்த பாறைகளைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு அழிக்கவேண்டும் என்பது விதி. குழி வெட்ட அனுமதி கேட்ட கோப்பு ஒரு மேசையில் ஒன்றரை வருஷமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதுவரை நாற்பது பாறைகளையும் துறை அலுவலகத்தின் பின்புறம் ஒரு சிமென்ட் தொட்டியில் போட்டுவைத்திருந்தார்கள். கூரை இல்லை, கூலர் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை. அந்தத் தொட்டியில் தண்ணீர் முப்பத்தாறு டிகிரி வரை போயிருக்கிறது. மாவட்டம் முழுக்க வீட்டுப் பவளங்கள் வெளுத்த அந்த வாரத்தில், அங்கே கள்ளச் சாமந்திகளுக்கு நடுவே கிடந்த பவளங்கள் ஒன்றுகூட வெளுக்கவில்லை. அரசாங்கம் தன் உழைப்பால் காப்பாற்ற முடியாததைத் தன் சோம்பலால் காப்பாற்றிவிட்டது.

அது எப்படி என்று ராபியா கேட்டாள். விஞ்ஞானிகள் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இன்பராஜ் குறுக்கிட்டுத் தானே விளக்கினார்.

“பவளத்துக்குச் சொந்தமா நெறம் கெடையாதும்மா. அது ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு குடியிருக்கு. அதுதான் நெறம், அதுதான் சோறு. சூடு ஏறுனா அந்தப் பாசி வெளியே போயிரும், பவளம் பட்டினி கெடந்து வெளுத்துரும். கள்ளச் சாமந்திக்குள்ளயும் பாசி இருக்கு. ஆனா அது வேற வகை, என்ன சூட்டுக்கும் அசையாது. பக்கத்துலயே கெடந்ததுல அது பவளத்துக்குள்ள குடி மாறியிருக்கு.”

“அப்ப சுத்தமா வச்சிருந்தவங்க தொட்டி?” என்று கேட்டது பியூலா.

“சுத்தமாப் போச்சு மேடம்,” என்றார் அவர். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

அடுத்த வாரம் அரசாணை வந்தது. கள்ளச் சாமந்திக்கு ‘நற்சாமந்தி’ என்று பெயர் மாற்றம். ரத்தான மாதங்கள் திரும்பக் கிடைக்கும். கள்ளச் சாமந்தி இருந்ததாகப் பதிவான வீட்டுப் பிள்ளைகளுக்கும், அது எந்த வீட்டில் இருந்து பரவியதோ அந்த வீட்டுப் பிள்ளைக்கும் முன்னுரிமை. நஜீபுக்கு இடம் உறுதியானது.

பேர்ல் வியூவில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முதலில் தங்கள் வீட்டில்தான் வந்தது என்று கோமதிநாயகம் சங்கக் கூட்டத்தில் சொன்னார். தோல் உரிந்த விரல்களை மேசைமேல் பரப்பிக் காட்டினார். முப்பது வைத்திருந்த அம்மாள் நாற்பது என்றாள். எல்லோரும் விண்ணப்பம் எழுதினார்கள்.

பியூலாவும் எழுத உட்கார்ந்தாள். தை மாதத்துச் சாமந்தி முதல் பாசிக்கொத்து வரை, தேதிவாரியாக, ஒன்றையும் மறைக்காமல். இரண்டு படிவங்களில் பொய் எழுதியதையும் எழுதினாள். எழுதி முடித்துச் செல்வினிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தார்.

“அன்னைக்கு எழுதியிருந்தா இது உண்மை. இன்னைக்கு எழுதுனா இது விண்ணப்பம்.”

மகளின் இடத்துக்காக எழுதினாளா, மனசு பொறுக்காமல் எழுதினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் பிரிக்கிற பரிசோதனை எதுவும் வேதியியலில் இல்லை. அனுப்பினாள்.

பதில் இருபது நாளில் வந்தது. அந்தத் துறை எதற்கும் அவ்வளவு விரைவில் பதில் எழுதியதில்லை. ‘தங்கள் தொட்டியில் வேண்டாத உயிரினங்கள் இல்லை என்று தாங்களே முப்பத்தாறு முறை சான்றளித்துள்ளதாலும், நேரில் பார்வையிட்ட அலுவலரும் களங்கமற்றது எனச் சான்றளித்துள்ளதாலும், தங்கள் இல்லத்தில் அது இருந்ததாகக் கூறுவதற்கு ஆதாரம் இல்லை. பொய்த் தகவல் அளிப்பது தண்டனைக்குரியது என எச்சரிக்கப்படுகிறது.’ பியூலா ஒரே ஒருமுறை முழு உண்மை எழுதினாள். துறை அதைப் பொய் என்று கண்டுபிடித்துவிட்டது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். சொன்னவர் அதை எந்த எதிர்வீட்டில் போய்ச் சொல்லிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நஜீபின் கல்லூரிப் பெட்டியை ராபியா அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். பியூலா நின்றுகொண்டே சொன்னாள். அந்தச் சாமந்தி தன் வீட்டில் இருந்து, தான் கொடுத்த பாசியோடு வந்தது என்றாள். ராபியாவுக்கு வியப்பு எதுவும் இல்லை. சட்டையை மடித்துக்கொண்டே பேசினாள்.

“அது அன்னைக்கே தெரியும்க்கா. ஒங்க வீட்டத் தவிர நான் வேற எங்கேயும் எதுவும் வாங்கலியே.”

“பெறவு ஏன் அந்த ஆபீசர்ட்ட சொல்லல?”

“ஒங்களுக்குத் தெரியாதுல்லா. தெரியாமக் குடுத்தவங்களப் போய் எப்படிக் காட்டிக்குடுக்க? ஒங்க பிள்ளைக்கும் போயிரும். ஒருத்தருக்குப் போனாப் போதும்னு விட்டுட்டேன்.”

பியூலா அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும். சாவிகள்கூட இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

“தெரியும் ராபியா. குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.”

ராபியாவின் கை சட்டையின்மேல் நின்றது. பிறகு அந்தச் சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்து அதையும் மடித்தாள். நஜீப் தண்ணீர் குடிக்க வந்தவன், இருவரையும் பார்த்துவிட்டுக் குடிக்காமலே போனான்.

தான் கொண்டுவந்த கடிதத்தைப் பியூலா நீட்டினாள். உண்மையைச் சொன்னதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான். ராபியா வாங்கி, கடைசி வரி வரை நிதானமாகப் படித்து, வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நேரமாகுது. பெட்டி கட்டணும்,” என்றாள். வாசல் வரை கூடவே வந்தாள். எந்த வருத்தமும் இல்லாத, மருந்துக் கடையில் பேசுகிற குரலில், “போயிட்டு வாங்க, டீச்சர்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பன்னிரண்டு வருஷத்தில் ராபியா அவளை அக்கா என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.